வெயில் பழகப் போனவள்

அந்த வருடம் சித்திரை பிறந்ததும் என் தங்கை நடுப்பகலில் ஓட ஆரம்பித்தாள்.

அதற்கு முன்பெல்லாம் விடிவதற்குள் எழுந்து போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவாள். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், குண்டு எறிய வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் மாதச் சம்பளத்துக்கு அரசாங்க வேலை பார்த்ததில்லை. அப்பா போன பிறகு, கண்ணமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அம்மா மட்டும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பில் போடுகிறேன். மைதானம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் தங்கை என்னோடு வந்து தங்கியிருந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மகன் லீவுக்கு மாமியார் ஊருக்குப் போயிருந்தான். வீட்டில் நானும் அவளும்தான்.

"எதுக்குடி இந்த நேரத்துல?" என்று கேட்டேன். மதியம் சாப்பிட வந்த நான், அவள் ஷூ மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"காலைல கிரவுண்டு கிடைக்கலக்கா. லீவு வுட்டாச்சில்ல, கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தறானுங்க. அதுவும் இல்லாம மாஸ்டர் வெயில் பழகிக்கோன்னு சொன்னாரு. போன தடவ போன பொண்ணுங்கள காலைலயே உள்ள வுட்டு ஒக்கார வெச்சுட்டாங்களாம். ஓட விட்டப்போ உச்சி வெயிலாம். ரெண்டு பேரு மயங்கி வுழுந்துட்டாளுங்களாம். நான் வுழக் கூடாதில்ல?"

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது.

மாஸ்டர் என்று அவள் சொன்னவர் ராணுவத்திலிருந்து திரும்பி வந்தவர். ஏரியை ஒட்டிய அந்த மைதானத்தில் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். கண்டிப்பானவர். அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், முடித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஆனால் என் தங்கை தண்ணீர் குடிக்காததற்கு மாஸ்டர் மட்டும் காரணம் இல்லை. அதை நான் தெரிந்துகொண்டது பாட்டிலால். தினமும் மதியம் பெரிய பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கொடுத்தனுப்புவேன். மாலையில் நான் கடையிலிருந்து வரும்போது அது பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்.

"கொடுத்தனுப்பறது செடிக்கு ஊத்தவாடி?"

அவள் முதலில் சிரித்து மழுப்பினாள். திரும்பத் திரும்பக் கேட்டதும் எரிச்சலோடு சொன்னாள்.

"குடிச்சிட்டு எங்கக்கா போறது? கிரவுண்டுல பாத்ரூம் கிடையாது. ஏரிக்கரைல முள்ளு மறைவு ஒண்ணு கீது. அந்தப் பக்கம் நடந்தாலே பசங்க விசில் அடிக்கிறானுங்க. ஒரு நாளு போனேன். அப்பால போறதே இல்ல."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். நீ மட்டும் இன்னா? கடைக்குப் போற அன்னைக்கு காலைல டீ குடிக்கிறியா?"

குடிப்பதில்லை. கூட்ட நேரத்தில் பில் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்படியே பழகிவிட்டது. அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்று அவள் உடுப்பு. கறுப்பு டிராக் பேன்ட், அதற்கு மேல் கழுத்து வரை ஜிப் போட்ட முழுக்கை ஜெர்கின், முகத்தைச் சுற்றித் துப்பட்டா. கண் மட்டும் தெரியும். நிறம் போய்விடக் கூடாது என்று அம்மா ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். "வேலை வந்தாலும் வராங்காட்டியும் நாளைக்கு ஒருத்தன் வந்து பொண்ணு பாக்கணும்டி" என்பாள். அம்மாவுக்காகப் பாதி, மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற கண்களுக்காகப் பாதி என்று தங்கை அந்த ஜெர்கினைக் கழற்றவே மாட்டாள். மற்ற பெண்களும் அப்படித்தான் ஓடினார்கள்.

கொஞ்ச நாளிலேயே அவள் முகம் மாறியது. சாயங்காலம் வந்ததும் தலைவலி என்று படுத்துவிடுவாள். சாப்பாடு இறங்காது. உட்கார்ந்திருக்கும்போதே கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவாள். நான் மோர் கரைத்துக் கொடுப்பேன், காலை அமுக்கி விடுவேன். விட்டுவிட்டு வா, காலையில் மட்டும் ஓடு என்று சொல்வேன்.

"இன்னும் கொஞ்ச நாளுதாங்க்கா. தாங்கிக்கினா போதும்."

முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அன்றைக்கு வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து புடவைகளைக் குவித்திருந்தார்கள். நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜைக்கு அடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் அதிர்ந்ததும் குனிந்து எடுத்தேன். தங்கையோடு ஓடுகிற பெண். அழுகிற குரல்.

"அக்கா, ஜல்தி வாங்க. இவ வுழுந்துட்டா. பேச்சு ஒரு மாதிரி கீதுக்கா. மாஸ்டரைப் பாத்து டேய்ன்றா."

என் தங்கை யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. மாஸ்டர் எதிரில் செருப்புக்கூடப் போட மாட்டாள். மயக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த 'டேய்' என்னை நாற்காலியிலிருந்து தூக்கியது. முதலாளியிடம் சொன்னேனா, சொல்லவில்லையா என்று இப்போதும் நினைவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். என்ன ஆயிற்று, எங்கே, வயது என்ன என்று கேட்டுவிட்டு, "வண்டி கிளம்பிடுச்சுங்க. நீங்க லைனைக் கட் பண்ணாதீங்க. அங்க போனதும் எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

மைதானத்தில் ஓரமாக ஒரு வேப்பமரம். அதன் கீழே கூட்டம். விலக்கிக்கொண்டு போனேன். தங்கை மண்ணில் கிடந்தாள். அந்த ஜெர்கினின் ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தது. முகத்துணியை மட்டும் யாரோ விலக்கியிருந்தார்கள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. வலிப்பு என்று நினைத்து யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். ஒருவர் சோடா பாட்டிலை அவள் வாயில் வைக்கப் பார்த்தார். மாஸ்டர் முட்டி போட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கன்னத்தைத் தொட்டேன். இஸ்திரி போட்டு எடுத்த துணியைத் தொட்டது போலச் சுட்டது. காய்ச்சலில் மனித உடம்பு அப்படிச் சுட்டு நான் பார்த்ததே இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். பார்த்ததைச் சொன்னேன்.

"வாயில எதுவும் ஊத்தாதீங்க. நெனவு இல்லாதப்போ ஊத்தினா மூச்சுல போயிடும்" என்றது அந்தக் குரல். "மேல் துணியை எடுத்துடுங்க. உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க. ஐஸ் கிடைச்சா கழுத்துலயும் அக்குள்லயும் வைங்க. விசிறிகினே இருங்க. வண்டி வர வரைக்கும் நிறுத்தாதீங்க."

சோடாக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் ஜெர்கின் ஜிப்பை இழுத்தேன். அது வியர்வையில் ஊறிச் சிக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் கை எழுந்தது. யாரென்று தெரியாத, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அந்த நிலையிலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள்.

"வேணாம். எல்லாரும் பாக்குறாங்க."

குழறித்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

நான் எழுந்து நின்று கத்தினேன். கடையில் ஒரு நாள்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. "ஆம்பளைங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. தண்ணி எங்க கிடைக்குமோ போய்க் கொண்டு வாங்க. இங்க நின்னு பாக்காதீங்க."

கூட்டம் கலைந்தது. ஓட வந்த பெண்கள் தங்கள் துப்பட்டாக்களை அவிழ்த்து மூலைக்கு மூலை பிடித்துச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். மைதானத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போது காலை ஆட்டம் முடிந்து நிழலில் உட்கார்ந்திருந்த கிரிக்கெட் பையன்கள் ஓடி வந்தார்கள். டோர்னமென்டுக்கு வாங்கி வைத்திருந்த தண்ணீர் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னும் இரண்டு பேர், கூல்டிரிங்க்ஸ் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியை ஐஸோடு தூக்கி வந்தார்கள். துப்பட்டாவுக்கு வெளியே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேட்டில் டேப் சுற்றுவதற்கு வைத்திருந்த கத்தரிக்கோலை ஒருவன் கையை மட்டும் உள்ளே நீட்டிக் கொடுத்தான். விசில் அடித்தவர்கள் இவர்களா, வேறு யாராவதா என்று எனக்குத் தெரியாது. இவர்களாகவும் இருக்கலாம்.

ஜெர்கினைக் கழுத்திலிருந்து கீழே வரை கத்தரித்தேன். அதற்குள்ளிருந்து வந்த அனல் என் முகத்தில் அடித்தது. தண்ணீரை மேலே கவிழ்த்தோம். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் ஐஸை வைத்தோம். ஒரு பெண் அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினாள். கை ஓய்ந்ததும் இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். தங்கை திமிறினாள், அம்மாவைக் கூப்பிட்டாள், என்னென்னவோ திட்டினாள். நான் அவள் காதருகே பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்பது தெரியவில்லை. வண்டி வரும் சத்தம் கேட்டபோது அவள் பற்கள் லேசாகத் தந்தியடிக்கத் தொடங்கியிருந்தன. அது நல்லதா கெட்டதா என்றுகூடப் புரியாமல் நான் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆரணி ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, உடம்புச் சூட்டை இன்னும் இறக்கி, வேலூருக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கண்ணமங்கலத்தைத் தாண்டும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தாள். "மயக்கம்தாம்மா, ஒண்ணும் இல்ல, பஸ் ஏறி வா" என்று சொன்னேன். அம்மா வந்தபோது கால் விரல்களில் கொல்லை மண் அப்படியே காய்ந்திருந்தது. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்க மறந்திருந்தாள்.

கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைத்தான் அம்மா முதலில் பார்த்தாள். அதில் இறங்கிய சிறுநீர் பால் ஊற்றாத டீ போல இருந்தது.

"ரத்தமா?" என்றாள்.

"ரத்தம் இல்லம்மா" என்றார் டாக்டர். என்னைவிடச் சின்னப் பெண், சாந்தமாகப் பேசினார். "உடம்பு தாங்க முடியாத சூடு ஏறினதால சதை உடைஞ்சு, அது சிறுநீரகம் வழியா வருது. மருந்து தண்ணி நெறைய ஏத்தி அதைக் கழுவி வெளியேத்தணும். அங்கயே ஐஸ் வெச்சு குளிர வெச்சது ரொம்ப நல்லதாப் போச்சு. இல்லன்னா..."

அன்று சாயங்காலம் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உதடு வெடித்திருந்தது. நான் குனிந்ததும் கேட்டாள்.

"ரன்னிங் எப்போக்கா?"

நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

சில நாட்கள் அங்கே இருந்தோம். பையின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்குகின்றன என்று நர்ஸ் சொல்லும்போதெல்லாம் அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். ஒரு நாள் டாக்டர் கட்டிலருகில் வந்து நின்றபோது, அம்மா மனதில் வைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நாங்க தினமும் அதே வெயில்லதான் கீறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? இவளுக்கு மட்டும் ஏம்மா?"

"உங்களுக்கு ஆகலைன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் டாக்டர். "தலை சுத்தாதா? கால் இழுத்துக்காதா? மூத்திரம் மஞ்சளா, எரிச்சலா போகாதா?"

"அது வயசாச்சு" என்றாள் அம்மா.

"கொல்லைல தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துதான். நடுவுல குடிச்சா எங்க போறது? சுத்தி ஆம்பளைங்க வேலை செஞ்சிகினு இருப்பாங்க."

தங்கை தலையணையில் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேருக்கும் அதே கணக்குதான், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பல வாரங்களுக்கு ஓடக் கூடாது. வெயிலில் போகவே கூடாது. மறுபடி சோதனை எல்லாம் சரியாக இருந்தால்தான், அதுவும் முதலில் நடக்க மட்டும். ஒரு தடவை இப்படி வந்த உடம்புக்கு மறுபடி வருவது சுலபம். உடல் தகுதித் தேர்வு அந்த வாரங்களுக்குள் வந்துவிடும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் அதை ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாஸ்டர் வந்தார். இளநீர் குலை ஒன்றைக் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"எங்களுக்குப் பட்டாளத்துல அப்படித்தாம்மா பழக்கினாங்க" என்றார் என்னிடம். "தண்ணி கேட்டா அடிப்பாங்க. அதான் சரின்னு நெனச்சிகினேன். தப்பாப் போச்சு."

எனக்குள்ளே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அன்று அவர் முகத்தில் ஒரு வாரத் தாடி. என் தங்கையோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "மாஸ்டர் இன்னா பண்ணுவாரு, உள்ள வாங்க சார்" என்றாள். நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவரை நான் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

தேர்வு நெருங்க நெருங்க வீடு ஊமையாகிவிட்டது. ஒரு நாள் அம்மா கிராமத்திலிருந்து வந்தாள். வந்து உட்கார்ந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஆரம்பித்தாள்.

"ஒரு ரவுண்டு ஓடறதுதான? அதுக்கப்பறம் வேலை வந்துடும். அப்பால வருசம் பூரா படுத்துக்கட்டும்."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "டாக்டர் சொன்னது காதுல வுழலியா? ஓடும்போது செத்துப்போனா இன்னா பண்ணுவே?"

"சும்மா செத்துப்போனா செத்துப்போனான்னு சொல்லாதே." அம்மா எழுந்துவிட்டாள். "நான் தினமும் அந்தக் கொல்லைல செத்துகினுதான் கீறேன். என்னை யாரு தூக்கிகினு ஓடினீங்க? இவ ஒருத்தியாவது ஃபேனுக்குக் கீழ ஒக்காரட்டும்னு பாக்கறேன். அது தப்பா?"

தங்கை உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் மதியம் சாப்பிட வந்தபோது அவள் வீட்டில் இல்லை. என் உயிர் போய்விட்டது. அம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அவளுக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் செருப்புக் கிடந்தது. ஏறிப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாளாம். மடியில் நாலைந்து துணிகள். தொடைகள் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏறிட்டேங்க்கா. எறங்க முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு மாடிக்கே இப்படின்னா எப்படிக்கா ஓடறது?" என்றாள். அப்புறம் மடியிலிருந்த துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. அம்மா கீழே படியடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலே ஏறி வந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவி விட்டாள். ஓடச் சொல்லி அதன் பிறகு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்வு நாளன்று தங்கை போனை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்குப் போன் செய்து அழுத அந்தப் பெண் தேறிவிட்டாள். ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். தங்கை ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள், அவளைக் கட்டிப்பிடித்தாள், வழியனுப்ப வாசல் வரை போனாள். பிறகு உள்ளே வந்து, அந்த டப்பாவை என் கையில் கொடுத்து, "பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுக்கா" என்றாள்.

மழைக்காலம் வந்து போன பிறகு அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். முதலில் தெரு முனை வரை, பிறகு ஏரிக்கரை வரை, பிறகு மெல்ல ஓட்டம். அதற்குள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். மைதானத்தை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டு அம்மாளிடம் போய், ஓட வருகிற பெண்களுக்கு உங்கள் கழிப்பறையைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திட்டுப் போவச் சொல்லு, அது போதும்" என்றார். இத்தனை சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுலபமாக இருந்ததுதான் எனக்கு வேதனையாகவும் இருந்தது.

மாஸ்டரும் மாறியிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் குடிக்கச் சொன்னார். வெயில் காலம் வந்ததும் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும்தான் பயிற்சி. வெயில் பழக வேண்டியவர்களுக்கு முதல் வாரம் நடை மட்டும். யாருக்காவது தலை வலித்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. ஜெர்கின் போடக் கூடாது என்று சொல்ல மட்டும் அவருக்குக் கூச்சம். அதை என்னிடம் விட்டுவிட்டார். நான் பெண்களிடம் சொன்னேன். தொளதொளவென்ற பருத்திச் சட்டையும் தொப்பியும் வந்தன. சிலர் கேட்டார்கள். சிலர் இன்னும் ஜெர்கினோடுதான் ஓடுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஓர் அம்மா போனில் பேசிக்கொண்டிருப்பாள் போல.

அதற்கடுத்த தேர்வில் தங்கை தேறினாள். ஓட்டம் அன்று நான் மைதானத்துக்கு வெளியே, மரத்தடியில், மற்ற பெண்களின் வீட்டாரோடு நின்றேன். அவள் வெளியே நடந்து வரும் வரை உள்ளே யார் பெயரையாவது கூப்பிடும்போதெல்லாம் கேட்டருகே போய் எட்டிப் பார்த்தேன்.

ஆனால் ஃபேனுக்குக் கீழே உட்காரும் வேலை என்று அம்மா நினைத்தாளே, அது அப்படி இல்லை. தேர்த் திருவிழா, மந்திரி வருகை, கூட்டம், மறியல் என்று அவளை நிற்க வைப்பது வெயிலில்தான். காக்கி உடுப்பு, பெல்ட், ஷூ. இந்தச் சித்திரையிலும் ஒரு தேருக்குப் பந்தோபஸ்துக்கு நிற்கப் போனாள். நான் மதியம் கடையிலிருந்து போன் போட்டேன்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"போனியா?"

"அக்கா, பக்கத்துல எங்க எஸ்.ஐ. நிக்கறாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அவங்களும் லேடிதான். கல்யாண மண்டபத்துல கேட்டு வெச்சிருக்காங்க. மாத்தி மாத்திப் போய்க்கினு வரோம். வை போனை."

வைத்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. மே மாதம் முழுக்க அப்படித்தான். அவள் போனை எடுக்காவிட்டால் பில்லில் எண்களைத் தப்பாக அடிக்கிறேன்.

அம்மா இன்னும் கொல்லை வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, வெயில் ஏறியும் அவள் திரும்பவில்லை என்று மோர் எடுத்துக்கொண்டு வரப்பு மேலே நடந்து போனேன். தூரத்தில் குனிந்த முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. எது அம்மா என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. கூப்பிட்டேன். நிமிர்ந்தவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னை முறைத்தாள்.

"இந்த வெயில்ல நீ ஏன்டி வந்தே?"

மோட்டார் கொட்டகை நிழலுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுத்த மோரை நிதானமாகக் குடித்தாள். இரண்டாவது டம்ளரை வாங்கிக்கொண்டு, கொல்லைப் பக்கம் திரும்பி, மற்ற பெண்களையும் வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள், வேலை வாங்கும் மேஸ்திரி நிற்கிறார், வர முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.